பனிக்கு எடுத்த படம்

ஸ்கேன்தாம்மா. ஆனா ஆளுக்கு எடுத்தது இல்ல, பனிக்கு எடுத்தது.

நீ நாமக்கல்ல ஏறினதுலேர்ந்து எட்டி எட்டிப் பாக்குற, கேக்கலாமா வேணாமான்னு யோசிக்கிற. கேளு, தப்பில்ல. வயித்துல கட்டி, மூளையில கட்டின்னு நெனச்சிருப்ப. எனக்கு ஒரு நோவும் கெடையாது. சேலத்துலேர்ந்து இந்தப் படத்த மடியில வெச்சுக்கிட்டு வரேன். உனக்கு முன்னாடி இங்க உக்காந்திருந்த அம்மா வழி முழுக்க ஒரு வார்த்த பேசல. எறங்கறப்ப மட்டும் "கடவுள் இருக்காரு, பயப்படாதீங்க"ன்னுட்டு எறங்கிப் போச்சு.

இந்தா, சன்னல் பக்கம் புடிச்சுப் பாரு. சாம்பல் பூசின மாதிரி இருக்குல்ல? ஓரத்துல பளிச்சின்னு வெள்ளையா தெரியறது மலை முகடு. நடுவுல வழவழன்னு வளஞ்சு வருது பாரு, அது பனி. ஆறு மாதிரி இருக்கும், ஆனா கல்லு மாதிரி கெட்டி. இங்க செவப்புப் பேனாவுல ஒரு வட்டம் போட்டிருக்கே, அங்கதான் எந் தம்பி இருக்கான்.

இருக்கான்னுதான் சொல்லுவேன். வேற மாதிரி சொல்ல என் வாயி பழகல.

பேரு இளவழகன். ராணுவத்துல இருக்கான். எங்களுக்கு மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன ஊரு. என் பேரு வாசுகி. அவன் பொறந்தப்ப நான் பாவாட தாவணி போட்டுக்கிட்டு இருந்தேன். அம்மா சீக்கிரம் போயிடுச்சு, அப்பாவும் பின்னாலயே போயிட்டாரு. நாந்தான் வளத்தேன். என்னையும் ஒருத்தருக்குக் கட்டிக் குடுத்தாங்க. ஒத்துவரல. ஒரு மழைக்காலம் அங்க இருந்தேன், திரும்பி வந்துட்டேன். அவரு திருப்பூர்ல இருக்காருன்னாங்க, அப்புறம் கேரளான்னாங்க. நான் தேடல, அவரும் தேடல. ஆனா தாலி கழுத்துல கெடக்கு பாரு. அது கெடக்கறவரைக்கும் ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். தனியா வயலுக்குப் போவலாம், தண்ணிக்குச் சண்ட போடலாம். புருஷன் எங்கன்னு கேட்டா வெளியூர்லன்னு சொன்னாப் போதும். பொம்பளைக்கு அது ஒரு வேலிம்மா. உள்ள யாரு இருக்கா, எப்படி இருக்கான்னு ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்.

எதுக்கு இதச் சொல்றேன்னா, மேகலா கதைய உனக்குச் சொல்லணும். மேகலா எந் தம்பி பொண்டாட்டி. நீடாமங்கலத்துப் பொண்ணு. அதிகம் பேசாது. கல்யாணம் ஆயி ரெண்டு வருஷத்துல அவன் ஊர்ல இருந்ததே ரெண்டு லீவுதான். நான் வேற எதையும் கொற சொல்ல மாட்டேன். சமைப்பா, பெருக்குவா, என் காலுக்குத் தைலம் தேச்சு விடுவா. ஆனா மனசு கல்லு. அதத்தான் சொல்றேன். புருஷன் இல்லன்னு அவ்வளவு சீக்கிரம் முடிவு பண்ணிட்டா பாரு, அந்த மனசச் சொல்றேன்.

போன மாசி மாசம். அவன அந்தப் பனிமலைக்கு அனுப்பி மூணு நாலு மாசம் ஆயிருந்துச்சு. அங்க போன் எடுக்காது. என்னைக்காச்சும் கூப்புடுவான், குரலு கெணத்துக்குள்ளேர்ந்து வர மாதிரி இருக்கும். "அக்கா, இங்க எல்லாம் வெள்ளையா இருக்கு, கண்ணு கூசுது"ம்பான். "பயிரு எப்படி நிக்கிது, வாய்க்கால்ல தண்ணி வருதா"ம்பான். அவ்வளவுதான். அன்னிக்கு ஒரு ஆபீசர் கூப்புட்டாரு, தமிழ்லயே பேசினாரு. மலையிலேர்ந்து பனி சரிஞ்சு அவங்க கூடாரத்து மேல விழுந்துடுச்சு, நாலு பேரு உள்ள இருந்தாங்க, தேடிக்கிட்டு இருக்கோம்னாரு. அப்புறம் மூணு பேர எடுத்துட்டாங்க. எந் தம்பி மட்டும் கெடைக்கல.

தேடாம இல்லம்மா. நாய் வெச்சுத் தேடினாங்க, மெஷின் வெச்சுத் தேடினாங்க, கம்பியால குத்திக் குத்திப் பாத்தாங்க. கோடையில மறுபடியும் போயித் தேடினாங்க. நான் அவங்களக் கொற சொல்லல. அவன் சாமானெல்லாம் ஒரு பெட்டியில வெச்சு, கொடி போத்தி, ஒரு சுபேதார் ஊருக்குக் கொண்டாந்தாரு. ஊரே கூடிடுச்சு. சங்கு ஊதறவன்கூட வந்துட்டான். நான் வாசல்லயே நின்னுட்டேன். "பெட்டிக்குள்ள எந் தம்பி இருக்கானா"ன்னு கேட்டேன். அந்த மனுஷன் தலயக் குனிஞ்சுக்கிட்டு "இல்லம்மா"ன்னாரு. "அப்ப எதுக்குச் சங்கு"ன்னேன். சங்குக்காரனப் போவச் சொல்லிட்டேன்.

அன்னிக்கு மேகலா அந்தப் பெட்டி மேல விழுந்து அழ ஆரம்பிச்சா. நான் கையப் புடிச்சு எழுப்பி உள்ள இழுத்துக்கிட்டுப் போயிட்டேன். "அண்ணி, நான் அழுவணும் அண்ணி"ன்னா. "எதுக்கு அழுவணும்? காணாமப் போனவனுக்கு யாராச்சும் அழுவாங்களா? நீ அழுதா அவன் செத்துட்டான்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி"ன்னேன். சொன்னனா இல்லியா, அதோட நிறுத்திட்டா. அன்னிக்கு வாய மூடினவதான். அவ கண்ணுல தண்ணிய நான் பாக்கவே இல்ல. அதுலேர்ந்தே தெரிஞ்சுக்கலாம் அவ மனச.

கருமாதி செய்யணும்னு பங்காளிங்க வந்தாங்க. விட்டனா நான்? பொட்ட அழிக்க விடல. பூவ எடுக்க விடல. வெள்ளிக்கெழம தவறாம நானே சரம் வாங்கி அவ தலையில வெச்சு விடுவேன். மொதல்ல ரெண்டு மூணு வாரம் தலயத் தலய ஆட்டினா. அப்புறம் பொம்ம மாதிரி உக்காந்துக்குவா. அவ அம்மா வந்து "எம் பொண்ணக் கொஞ்ச நாளு அழைச்சுக்கிட்டுப் போறேன்"னுச்சு. "புருஷன் வர நேரத்துல பொண்டாட்டி வூட்ல இருக்க வேணாமா"ன்னு கேட்டேன். அப்படியே திரும்பிப் போயிடுச்சு. எந்த நாத்தனா இப்படிப் பாத்துக்குவா சொல்லு. இருபத்தாறு வயசுப் பொண்ண ஊரு வெள்ளச் சீல கட்ட வெச்சிருக்கும். நான் மஞ்சக் கயித்தோட காப்பாத்தி வெச்சிருந்தேன்.

ஊருல ஒவ்வொருத்தரா எங்கிட்ட பேசறத நிறுத்திட்டாங்க. என்னத்தப் பேசுவாங்க? "பாவம்"னு ஆரம்பிச்சா நான் எழுந்திரிச்சுப் போயிடுவேன்.

இந்தப் படத்துக்கு எப்படிப் போனேன்னு கேக்குறியா? சொல்றேன். அதுக்கு முந்தின கார்த்திகையில எங்க பக்கம் பெரிய மழ. வயலெல்லாம் ஏரி மாதிரி நின்னுச்சு. வேளாண்மை ஆபீஸ்லேர்ந்து கிருத்திகா மேடம்னு ஒரு பொண்ணு வந்துச்சு. "எங்க தெரு வரைக்குமே நீங்க வரலியே, எங்க வயல் முழுகினது உங்களுக்கு எப்படித் தெரியும்"னு நான் சண்டைக்குப் போனேன். அது சிரிச்சுக்கிட்டே போன்ல ஒரு படத்தக் காட்டுச்சு. "வாசுகியக்கா, மேல சாட்டிலைட் போவுதுல்ல, அதுலேர்ந்து மைக்ரோவேவ் அனுப்பி எடுத்த படம். சாதாரண கேமராவுக்கு மேகம் மறைக்கும். இதுக்கு மேகமும் ஒண்ணுதான், இருட்டும் ஒண்ணுதான். ஊடுருவிக்கிட்டுப் போயிடும். இந்தக் கருப்பெல்லாம் தண்ணி"ன்னுச்சு. அப்ப எனக்கு அது ஒரு வேடிக்க. மறந்தும் போயிட்டேன்.

தம்பி காணாமப் போயி, கோடையும் வந்து, இனிமே தேட முடியாதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் அந்த வார்த்த காதுல கேட்டுச்சு. ஊடுருவிக்கிட்டுப் போயிடும். அவ்வளவு பெரிய மேகத்தக் கிழிச்சுக்கிட்டு எங்க மூணு மா நெலத்தப் பாக்குற மெஷினு, கொஞ்சம் பனிய விலக்கி எந் தம்பியப் பாக்காதா? கிருத்திகா மேடத்தப் புடிச்சுக்கிட்டேன். அது எவ்வளவோ சொல்லிப் பாத்துச்சு, அதுவும் இதுவும் ஒண்ணில்லக்கான்னுச்சு. கடைசியில நான் அதோட ஆபீஸ் வாசல்லயே உக்காரவும், பெங்களூர்ல அந்தப் படமெல்லாம் பாக்குற எடத்துப் பேரச் சொல்லிடுச்சு.

போனேன். வைகாசியில. பாஷ தெரியாது. கேட்ல உள்ள விடல. இளவழகன் போட்டோவ வெச்சுக்கிட்டு ரோட்டோரமா மரத்தடியில உக்காந்திருந்தேன். மத்தியானம் டீ குடிக்க வந்தவங்கள்ல ஒருத்தர் தமிழ்ல போன் பேசிக்கிட்டு வந்தாரு. ஓடிப் போயி அவரு கையப் புடிச்சுட்டேன். ரெக்ஸ்லின்னு பேரு, நாகர்கோவில் பக்கம். அவரு வேலயே பனி பாக்குறதுதானாம். கடைசித் தெக்க ஒரு தேசமே பனியா கெடக்காம், அந்தப் பனி எவ்வளவு உருகுது, எங்க ஒடையுதுன்னு பாப்பாராம். அதே ஆபீஸ்ல பக்கத்து அறையில பயிர் பாக்குறாங்களாம். பாரேன், பனியும் பயிரும் ஒரே மெஷினுதான்.

கேன்டீன்ல சோறு வாங்கிக் குடுத்துட்டுச் சொன்னாரு. "அக்கா, நான் பொய் சொல்ல மாட்டேன், கேட்டீங்களா. இது கண்ணால பாக்குற மாதிரி இல்ல. மேலேர்ந்து ஒரு அலய அனுப்புறோம். அது கீழ பட்டுத் திரும்புறத வெச்சு என்ன இருக்குன்னு சொல்றோம். காஞ்ச பனிக்குள்ள அந்த அலை கொஞ்சம் ஆழம் போவும், அது உண்மதான். ஆனா இந்தப் படத்துல ஒரு புள்ளின்னா நெலத்துல பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். உங்க வீடே ஒரு புள்ளி. ஒரு மனுஷன அதுல பாக்க முடியாது."

நான் என்ன புடிச்சுக்கிட்டேன் தெரியுமா? உள்ள போவும்னாரு பாரு, அத மட்டும் புடிச்சுக்கிட்டேன். "அப்ப பாருங்க சார், ஒரு தடவ பாருங்க"ன்னேன். "சரிக்கா, சரிவு நடந்த எடம் தெரியுதான்னு பாக்கேன்"னாரு.

ஆவணியில மறுபடியும் போனேன். சரிவுக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணு, பின்னாடி எடுத்தது ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாரு. முன்னாடி படத்துல வழவழன்னு இருந்த எடம், பின்னாடி படத்துல சொரசொரன்னு கெடக்கு. அந்த எடத்துலதான் வட்டம். அது இந்தப் படந்தான். ஒருத்தராவது எனக்கு எடத்தக் காட்டினாங்களே. அத்தன மாசத்துல அன்னிக்குத்தான் நான் வயிறு ரொம்பச் சாப்பிட்டேன்.

தண்ணி இருந்தா ஒரு வாய் குடும்மா. தொண்ட காயுது.

அந்த ஆவணியில ஊருக்கு வந்து மேகலாகிட்ட படத்தக் காட்டினேன். விரலால அந்த வட்டத்தத் தடவிப் பாத்தா. "அண்ணி, எடம் தெரிஞ்சுடுச்சுல்ல. இனிமேயாச்சும் செய்ய வேண்டியதச் செஞ்சுடுவோமா"ன்னா. நான் படத்தப் புடுங்கிக்கிட்டேன். ரெண்டு நாளு அவகூடப் பேசல.

அப்புறம் சம்பா வந்துச்சு. ஊரெல்லாம் நாத்து விட்டாங்க. நான் இந்த வருஷம் நடவு கெடையாதுன்னுட்டேன். எனக்கு வயலுக்குப் போவ முடியலம்மா. வாய்க்கால் மதகாண்ட திரும்பினா அவன் நிக்கிற மாதிரி இருக்கும். மாசியிலேர்ந்து அந்தப் பக்கம் நான் காலு வைக்கல. தரிசாக் கெடக்கட்டும், அவன் வந்து நடட்டும்னுட்டேன். மேகலா மன்னார்குடியில தையல் கிளாஸ் போறேன்னா. காலையில போவா, சாயங்காலம் வருவா. வீட்லயே அடஞ்சு கெடந்தவ வெளிய போறாளேன்னு நானும் விட்டுட்டேன். வந்து ராத்திரி சோறு நல்லா சாப்பிட்டா, தூங்கினா. கால் விரலுக்கு நடுவுல எல்லாம் அவிஞ்சு வெளுத்துப் போயிருந்துச்சு. ரோட்டுல மழத்தண்ணி, செருப்பு போடுடின்னு திட்டினேன். மஞ்சள அரச்சு நாந்தான் பூசி விட்டேன்.

இந்தத் தடவ ரெக்ஸ்லின் சாரேதான் கூப்புட்டாரு. முடிஞ்சா வந்துட்டுப் போங்கக்கான்னாரு. ஏதோ தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். நேத்து காலையில போயிச் சேந்தேன். கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சு மெதுவாச் சொன்னாரு.

"அக்கா, அந்தப் பனி ஒரே எடத்துல நிக்கறது இல்ல. ஆறு மாதிரிதான், ஓடுது. ரொம்ப மெதுவா. மாசியில எடுத்த படத்தையும் இப்ப எடுத்த படத்தையும் வெச்சு அளந்து பாத்தேன். ஒரு தென்னமர நீளத்துக்கு நகந்திருக்கு. அதனால நான் போட்டுக் குடுத்த அந்த வட்டத்துல இப்ப ஒண்ணுமே இல்ல. அதுக்கு மேல புதுப் பனியும் விழுந்தாச்சு. இனிமே அதப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

நான் கேட்டேன், "எந்தப் பக்கமா ஓடுது சார்?"

"கீழ. பள்ளத்துப் பக்கமா."

"அப்ப வந்துக்கிட்டுத்தான் இருக்கானா?"

அவரு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நான் விடல. "கீழ வந்து சேர எவ்வளவு நாளாவும் சார்?" "நாள் கணக்கு இல்லக்கா. நூறு வருஷம் ஆவலாம், எறநூறு ஆவலாம்." "ஆனா வருவான்ல?" அவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டி மேசை மேல வெச்சுட்டு, "அக்கா, இளவழகன் இல்லக்கா. அந்த ஆழத்துல, அந்தக் குளிர்ல, யாரும் இருக்க முடியாது. உங்களுக்கு இத நான் வைகாசியிலயே அழுத்திச் சொல்லியிருக்கணும்"னாரு.

எனக்கு எங்கேர்ந்து அவ்வளவு கோவம் வந்துச்சோ தெரியல. "உங்க மெஷினு எல்லாத்தையும் சரியாத்தான் சொல்லுதுன்னு நான் எப்படி நம்பறது? பனிக்குள்ள ஆளு இருக்கான் இல்லன்னு அதுக்கு எப்படித் தெரியும்"னேன். "மெஷினு சொல்லல அக்கா, நான் சொல்றேன்"னாரு. "எல்லாம் ஒண்ணுதான். எங்க வயலக் காட்டுங்க. அது எப்படிக் கெடக்குன்னு எனக்குத் தெரியும். அதச் சரியாச் சொல்லிட்டா, எந் தம்பி இல்லங்கறதையும் நான் ஒத்துக்கறேன்"னுட்டேன். அவரு வேணாம்க்கா, அப்படியெல்லாம் பந்தயம் கட்டாதீங்கன்னு கெஞ்சினாரு. நான் எழுந்திரிக்கல.

பக்கத்து அறையிலேர்ந்து ஒருத்தர வரச் சொல்லி, ஊரு பேரு போட்டுத் தேடினாங்க. மொதல்ல சாதாரண போட்டோ மாதிரி ஒண்ணு வந்துச்சு. பாமணியாறு தெரிஞ்சுச்சு, மதகு தெரிஞ்சுச்சு, வாய்க்கால் வளையற எடத்துல எங்க வயல நானே விரல வெச்சுக் காட்டினேன். அப்புறம் அதே எடத்துக்கு இந்தச் சாம்பக் கலரு படத்த ஒண்ணு பின்னால ஒண்ணா ஓட்டினாங்க. ரெக்ஸ்லின் சார் சொல்லிக்கிட்டே வந்தாரு. "இது புரட்டாசிக் கடைசி. கருப்பா இருக்கு, தண்ணி கட்டியிருக்கு. தண்ணி மேல பட்ட அலை திரும்பாம வழுக்கிக்கிட்டுப் போயிடும், அதான் கருப்பு. இது ஐப்பசி. லேசா வெளுக்குது, நாத்து வேர் புடிச்சுடுச்சு. இது போன வாரம். நல்லா வெளுத்துடுச்சு, தூர் கட்டி நிக்கிது. சம்பா நட்டிருக்கீங்கக்கா. நல்ல பயிரு."

நான் சிரிச்சேம்மா. சத்தியமாச் சிரிச்சேன். அந்த ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. "சார், என் வயல் தரிசு. ஒரு நாத்துகூட நான் வைக்கல. உங்க மெஷினு பொய் சொல்லுது. அப்ப அதுவும் பொய்தான்"னேன். என் ஒடம்பே லேசாயிடுச்சு. எந் தம்பி அப்படியே எழுந்திரிச்சு வந்துட்ட மாதிரி இருந்துச்சு. அவரு கையப் புடிச்சுக்கிட்டு நன்றி சார், நன்றி சார்ங்கறேன்.

அவரு சிரிக்கல. படத்தையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், "அக்கா, வீட்ல யாராவது இருக்காவளா? ஒரு போன் போட்டுப் பாருங்க"ன்னாரு.

போட்டேன். மேகலா எடுத்தா. பின்னால தண்ணி ஓடற சத்தம் கேட்டுச்சு, பொம்பளைங்க பேசற சத்தம் கேட்டுச்சு.

"எங்கடி இருக்க?"

"வெளிய இருக்கேன் அண்ணி."

"நம்ம வயல்ல பயிர் நிக்கிதுங்கறாங்க இங்க. பைத்தியக்காரங்க."

பொம்பளைங்க சத்தம் தள்ளிப் போச்சு. அப்புறம், "ஆமா அண்ணி. நட்டுருக்கேன்"னா.

"யாரக் கேட்டு நட்ட?"

"யாரையும் கேக்கல."

"அவன் வந்து நடட்டும்னு நான் சொன்னது உங்காதுல விழலியா?"

அப்பத்தாம்மா அவ வாயத் தொறந்தா. கல்யாணம் ஆயி வந்ததுலேர்ந்து அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. கத்தல. சத்தமே போடாமச் சொன்னா. "வீட்ல அழ விட மாட்டேன்னுட்டீங்க அண்ணி. எனக்கு அழ ஒரு எடம் வேணும். வயலுக்குப் போனேன். வரப்புல உக்காந்து அழுதேன். தெனம் வந்து சும்மா உக்காந்து அழுதா ஊரு என்னன்னு கேக்கும்ல. அதனால எறங்கி வேல செஞ்சேன். தண்ணி கட்டினேன். பக்கத்து வயல்ல மிச்சம் இருந்த நாத்தக் கேட்டு வாங்கினேன். நடவுக்கு வந்தவங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. குனிஞ்சு நட்டுக்கிட்டே எல்லாரும் எங்கூட அழுதாங்க. வீட்டுக்கு வரும்போது வாய்க்கால்ல மொகத்தக் கழுவிட்டு வருவேன்."

ஊரே தெரிஞ்சு வெச்சிருக்கு பாரேன். எங்கிட்ட ஒருத்தி சொல்லல. அத்தன பேரும் சேந்து எந் தம்பிக்கு அழுதிருக்காங்க, என்ன விட்டுட்டு. அவனத் தூக்கி வளத்தவ நான்.

"வரேன். வந்து ஆள விட்டு அத்தனையும் உழுது போடறேன்"னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

அப்புறந்தான் ரெக்ஸ்லின் சார் அங்க உக்காந்திருக்கறது தெரிஞ்சுச்சு. அவரு படத்த அணைச்சுட்டாரு. "அந்தப் பிள்ள மேல கோவப்படாதீங்கக்கா"ன்னாரு. "உங்களுக்குத் தெரியாது சார்"னேன். எனக்குக் கோவம் அவ மேல இல்லம்மா. இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அத விட வேற ஒண்ணு. மெஷினு சரியாச் சொல்லிடுச்சே. நானே வெச்ச பரீட்ச. நானே வாயால சொன்ன வார்த்த. வேணாம் வேணாம்னு அந்த மனுஷன் கெஞ்சினாரே, கேட்டனா நான்? ஒரு பயிர நட்டு அவ எந் தம்பியக் கொன்னுட்டா. இப்படித்தான் எனக்குத் தோணுது. அவ நடாம இருந்திருந்தா இந்நேரம் அவன் இருந்திருப்பான். நான் சொல்றது சரியா தப்பா, சொல்லு. வேணாம், சொல்லாத.

நேத்து சார் வீட்லயே அவரு சம்சாரம் படுக்க வெச்சுது. கண்ணு மூடல. தென்னமர நீளம், தென்னமர நீளம்னு அதுவே ஓடிக்கிட்டு இருந்துச்சு. எங்க கொல்லையில ஒண்ணு நிக்கிது, அதச் சாச்சுப் போட்டா வாசலத் தாண்டி தெருவுக்கு வந்துடும். அவ்வளவு தூரம் வந்திருக்கான்னா கொஞ்சம் இல்லியே.

காவேரி தெரியுது பாரு. முசிறி வந்துடுச்சா? உனக்கு எறங்கணும்ல? திருச்சியா, சரி சரி, உக்காரு.

ஒண்ணு கேக்குறேன், தெரிஞ்சாச் சொல்லு. ஆளு கெடைக்கலன்னா, ஒடம்பே இல்லன்னா, எதக் கொண்டுபோயி செய்வாங்க? தர்ப்பையில ஆளு மாதிரி கட்டி வெச்சுச் செய்வாங்கன்னு பங்காளி வீட்ல ஒருத்தரு சொன்னாரு. புல்லுல எப்படிம்மா அவனக் கட்டுவாங்க? ஆறடி ஒசரம் அவன். நான் செய்யப்போறேன்னு கேக்கல. சும்மா கேக்குறேன். தெரிஞ்சு வெச்சுக்கலாம்ல.

இரும்மா, போன் அடிக்குது. அவதான். காலையிலேர்ந்து நாலஞ்சு தடவ அடிச்சுட்டா, நான் எடுக்கல. எடுக்கவா?

அலோ. ம். பஸ்ல. முசிறி தாண்டுது. சாப்பிட்டேன். இல்ல, சாப்பிட்டேங்கறேன்ல. என்ன? எங்க, மேட்டுப் பக்கமா, பள்ளத்துப் பக்கமா? இல சுருண்டு வெள்ளையா இருக்கா, இல்ல பழுத்து இருக்கா? பிரிச்சுப் பாத்தியா? பச்சையா புழு இருக்கா? ம். அது சுருட்டுப் புழு. யூரியா போட்டியா சமீபத்துல? யாரு போடச் சொன்னா? இனிமே போடாத. மருந்து ஒண்ணும் அடிக்காத இப்ப, கடைக்காரன் சொல்றதக் கேக்காத. தண்ணிய வடி. வரப்போரம் புல்லு மண்டிக் கெடந்தா அதச் செதுக்கு. என்ன? உழுது போடறதா? அத அப்புறம் பாப்பம். புழுவோட போட்டு உழுதா அடுத்த வயலுக்குப் போயிடும். ம். ம்.

மேகலா. இருக்கியா?

நாளைக்குக் காலையில நீ தனியாப் போவாத. நான் வந்துடறேன். ரெண்டு பேருமாப் போவம்.

சரி. வெச்சுடு.

இல்லம்மா, ஒண்ணும் இல்ல. கண்ணுல காத்து அடிக்குது, அந்தச் சன்னல இழுத்து விடு. எத்தன தூர்ல எறங்கியிருக்குன்னு அவளுக்குப் பாக்கத் தெரியாது, நான் போயிப் பாத்தாத்தான் தெரியும். புழுவப் பாக்கத்தான் போறேன். வேற எதுக்குப் போறேன்.